கடவுச்சொல் ஏடு

1960களில், அமெரிக்காவிலுள்ள மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே, பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தும் பெருங்கணினி ஒன்று இருந்தது. ஒவ்வொருவர்க்கும் தனிக் கடவுச்சொல் உண்டு. ஒருநாட் பிற்பகல், உட்புகுந்தோர் அனைவர்க்கும் வழக்கமான அறிவித்தலுக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய ஏடே அச்சாகி வந்தது. அறிவித்தலைத் திருத்தியவரும் ஏட்டைத் திருத்தியவரும் ஒரே நேரத்தில் வேலைசெய்ய, இருவர் கோப்புகளும் இடம்மாறிவிட்டன. அம்முறைமையை ஆக்கிய பெர்னாண்டோ கோர்பாட்டோ தமது டூரிங் விருதுரையிலே இதனை நினைவுகூர்ந்தார். பூட்டை எவரும் உடைக்கவில்லை. திறப்புகளே வாசலில் வந்து தொங்கின.

இன்று வீட்டிலேயே சிறு கணினியொன்றை இணைய வழங்கியாக வைத்திருப்போர் பலர். குடும்பப் படங்களையோ சங்கக் கணக்கையோ அதில் இட்டு, வேண்டியவர் மட்டும் காணுமாறு காக்க விரும்புவர். 1995 முதல் வழங்கிவரும் அப்பாச்சி மென்பொருளில் இது சில நிமிட வேலையே. எச்.டி.பாஸ்வேட் என்னும் துணைக்கருவி, பெயரையும் கடவுச்சொல்லையும் பெற்று ஒரு கோப்பிற் பதிவுசெய்யும். கோப்பைப் புதிதாக உண்டாக்குவதற்குச் ‘சி’ என்னும் குறி முதன்முறை தேவை. இரண்டாமவரைச் சேர்க்கும்போதும் அக்குறியை இட்டால் பழைய கோப்பு அழிந்து, முதலாமவர் வெளியே நிற்பார். இப்பிழையைச் செய்யாதார் அரியர்.

அக்கோப்பை எங்கே வைப்பது என்பதிலேதான் சிக்கல். இணையப் பக்கங்களுள்ள அடைவிலேயே வைத்தல் எளிது. ஆனால் அங்குள்ளதைக் கேட்டவர்க்கு எடுத்துக் கொடுப்பதே வழங்கியின் தொழிலன்றோ! புள்ளியும் ‘எச்.டி’ என்பதும் முன்னிற்கும் பெயர்களை மறுக்கும் விதி அப்பாச்சியின் வழமையான அமைப்பில் உண்டு. வேறு பெயரிட்டால் அது காவாது. அடைவுக்கு வெளியே வைத்தலே நன்று.

கோப்பில் உள்ளது கடவுச்சொல் அன்று. அதனை அரைத்தெடுத்த குறித்தொடரே. மாவை மீண்டும் அரிசியாக்க இயலாது. எனினும், களவெடுத்தவன் அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிடக்கூடும். 1979இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் வெளியிட்ட கட்டுரை இதனை விளக்கி, ஒவ்வொரு சொல்லோடும் வெவ்வேறு ‘உப்பு’ சேர்க்கும் முறையைக் கூறியது. இன்று அரைப்பதற்குப் பீகிரிப்ட் முறையைத் தெரிவது தக்கது; அது வேண்டுமென்றே மெதுவாக அரைப்பது.

வழியிலும் இடருண்டு. காக்கப்பட்ட பக்கத்தைக் கேட்குந்தோறும் உலாவி கடவுச்சொல்லையும் உடன் அனுப்புகின்றது. அதற்கிடும் பேஸ்64 என்னும் போர்வை மறையீடு அன்று. எவரும் நொடியில் விலக்கலாம். ஆகையால் எச்.டி.டி.பி.எஸ். இன்றி இக்காவல் பயன்தராது. அதற்கான சான்றிதழை 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே வழங்குகின்றது.

யாவும் முடிந்தபின், அயல்வீட்டார் கணினியிலிருந்து அக்கோப்பின் பெயரையே முகவரியில் இட்டுக் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.