லூவனில் எழுந்த ஆய்வுக்கோட்டம்



நீங்கள் கையிலே வைத்திருக்கும் தொலைபேசியைப் பிரித்துப் பார்த்தால், கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரு சில்லு தென்படும். விலையுயர்ந்த தொலைபேசியாக இருந்தால், அந்தச் சில்லுக்குள்ளே ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் அடங்கிக் கிடக்கும். அதைச் செய்த இடம் தைவானாக இருக்கலாம். தென் கொரியாவாக இருக்கலாம். ஆனால், அதைச் செய்யும் முறை பக்குவப்பட்ட இடங்களைத் தேடிப் போவீர்களானால், பெல்ஜியத்திலுள்ள லூவன் என்னும் பழைய பல்கலைக்கழக நகருக்குத் தவறாமல் வந்து சேருவீர்கள். அங்கேதான் ஐமெக் எனும் நுண்மின்னணு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சந்தையிலே ஒன்றையொன்று வீழ்த்தத் துடிக்கும் இன்டெல், சாம்சங், டிஎஸ்எம்சி போன்ற பெரு நிறுவனங்கள் அங்கே ஒரே கூரையின் கீழ் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்து, ஆளும் அனுப்புகின்றன.

இது விஞ்ஞானிகள் பேச வேண்டிய செய்தி, அரசியல் பேசுகிறவனுக்கு இதிலே என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். அந்த நிலையத்தைத் தோற்றுவித்தது பெல்ஜியத்தின் மத்திய அரசு அன்று. பிளாண்டர்ஸ் என்னும் மாநிலத்தின் அரசு! அதுவும், பிறந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த அரசு!

1830-இல் பெல்ஜியம் தனி நாடானபோது, எண்ணிக்கையிலே மிகுந்தவர்கள் டச்சு மொழி பேசும் பிளெமிஷ் மக்கள். அரியணை ஏறியதோ பிரெஞ்சு மொழி. நீதிமன்றத்திலே பிரெஞ்சு, படையிலே பிரெஞ்சு, பல்கலைக்கழகத்திலே பிரெஞ்சு. உழுகிறவன் பேசியது டச்சு. உத்தரவிடுகிறவன் பேசியது பிரெஞ்சு. சட்டங்களின் டச்சு வாசகத்துக்குச் சம மதிப்புக் கிடைக்க 1898 வரை காத்திருந்தார்கள். கென்ட் பல்கலைக்கழகம் முழுமையாக டச்சு மொழிக்கு மாற 1930 வரை காத்திருந்தார்கள். 1425-இல் நிறுவப்பட்ட லூவன் பல்கலைக்கழகமோ டச்சு மொழி மண்ணிலே நின்றுகொண்டு இரு மொழிகளிலும் நடந்து வந்தது. 1968-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வாண்டன் போய்னான்ட்ஸ் அமைச்சரவை கவிழ்ந்தது. பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்தது. பிரெஞ்சுப் பிரிவு தனக்கென ஒரு புதிய ஊரையே கட்டிக்கொண்டு போயிற்று. நூலகத்தைக்கூட, ஒற்றைப்படை எண் கொண்ட நூல்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண் கொண்டவை மறுபக்கம் என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். நூல்களை அப்படிப் பிரித்தது அறிவுடைமையா என்று கேட்டால், அன்று என்றுதான் நானும் சொல்வேன்.

அந்தப் பாகப்பிரிவினையைக் கேலி செய்தவர்கள் உண்டு. மொழி வெறி பல்கலைக்கழகத்தைப் பாழாக்கிவிட்டது என்று எழுதியவர்களும் உண்டு. பாழாயிற்றா? பதினாறு ஆண்டுகள் கழித்து, 1984-இல், அதே நகரத்திலேதான் ஐமெக் எழுந்தது.

இடையிலே நடந்தது என்ன? 1980-இல் அரசமைப்பு திருத்தப்பட்டது. பொருளாதார வளர்ச்சி உள்ளிட்ட பல துறைகள் மாநிலங்களின் கைக்கு வந்தன. 1981-இல் காஸ்டன் கேன்ஸ் பிளாண்டர்ஸ் அரசின் தலைவரானார். அவர் பொறுப்பேற்ற நேரம் நல்ல நேரமன்று. நெசவாலைகள் நலிந்துகொண்டிருந்தன. லிம்பர்க் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு வந்தன. கடைசிச் சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. வேலையில்லாத் திண்டாட்டம் வீடுதோறும் இருந்தது. அந்த நிலையிலே அவர், மூன்றாவது தொழிற்புரட்சி என்ற பெயரிலே ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். "நாமே செய்வதை நாம் இன்னும் நன்றாகச் செய்வோம்" என்பது அவருடைய முழக்கம். அந்த முழக்கத்துக்கு உருவம் கொடுத்தவர் ரோஜர் வான் ஓவர்ஸ்ட்ராட்டன் என்ற பேராசிரியர். அமெரிக்காவின் ஸ்டான்போர்டிலே 1963-இல் ஆய்வுப் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பி, லூவன் பல்கலைக்கழகத்திலே குறைகடத்தி ஆராய்ச்சியை வளர்த்தவர். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஒரு சிறு சோதனைக்கூடத்தை வைத்துக்கொண்டு உருப்படியாக எதையும் செய்ய முடியாது. அனைத்துப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக ஒரே பெரிய கூடம் வேண்டும் என்பது அவர் வாதம். அரசு ஏற்றது. இன்றைய கணக்கிலே 6 கோடியே 20 லட்சம் யூரோ ஒதுக்கியது. ஏறத்தாழ 70 பேருடன் வேலை தொடங்கிற்று.

மாநிலத்துக்கு அதிகாரம் கேட்பது அமைச்சர்களின் நாற்காலிக்கு மெத்தை தைத்துக்கொள்ளத்தான் என்று ஏளனம் பேசுவோரை நீங்கள் அறிவீர்கள். 1969-இல் இராசமன்னார் குழு அமைக்கப்பட்டபோதும் பேசினார்கள். 1974-இல் நமது சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியபோதும் பேசினார்கள். 2025-இல் குரியன் ஜோசப் குழு அமைந்தபோதும் அந்தப் பேச்சு ஓயவில்லை. அவர்களிடம் லூவனைக் காட்டுங்கள். எந்தத் தொழிலுக்கு எவ்வளவு பணம், எந்த ஊரில், எத்தனை ஆண்டுக்கு என்று முடிவு செய்யும் உரிமை அந்த மாநிலத்தின் கையிலே இருந்ததால்தான், பேராசிரியரின் திட்டம் தலைநகரத்து அலுவலகக் கட்டுகளிலே தூங்காமல் தப்பியது.

பகைவர்கள் எப்படி ஒரே கூடத்திலே வேலை செய்கிறார்கள் என்ற ஐயம் உங்களுக்கு எழும். அங்கேதான் அந்த நிலையத்தின் சூட்சுமம் இருக்கிறது. சந்தைக்கு வரப் பல ஆண்டுகள் இருக்கும் ஆராய்ச்சியை மட்டும் பொதுவாகச் செய்வது, செலவைப் பங்கிட்டுக்கொள்வது, கிடைத்த அடிப்படை அறிவை எல்லாப் பங்காளிகளும் எடுத்துக்கொள்வது, அதன்மேல் அவரவர் கட்டும் கட்டடம் அவரவர்க்கே சொந்தம். ஐமெக் தானே சில்லு செய்து விற்பதில்லை. ஆகவே அதைப் போட்டியாளராக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு 1990-களிலே உறுதிப்பட்டது. இன்று அதன் வருவாயில் பெரும்பகுதி இப்படித் தொழில் நிறுவனங்களிடமிருந்தே வருகிறது. மாநில அரசின் மானியம் சிறு பகுதிதான். ஆனால் அந்தச் சிறு பகுதி ஓராண்டும் தவறவில்லை. கட்சிகள் மாறின, கூட்டணிகள் மாறின, மானியம் நிற்கவில்லை.

பொறுமைக்கு ஒரு சான்று சொல்லுகிறேன். சிலிக்கான் தகட்டின்மேல் ஒளியைப் பாய்ச்சித்தான் சுற்றுகளை வரைகிறார்கள். ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் கோடு மெலியும். 193 நானோமீட்டர் ஒளியை வைத்துக்கொண்டு இனி வெகுதூரம் போக முடியாது என்ற நிலை வந்தபோது, 13.5 நானோமீட்டர் ஒளியை நாடினார்கள். அது காற்றுப் பட்டாலே மறைந்துவிடும் ஒளி. கண்ணாடி வில்லையையும் ஊடுருவாது. வெற்றிடத்திலே, உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 வீதம் சொட்டவிட்டு, ஒவ்வொரு துளியின்மீதும் லேசர் கதிரைப் பாய்ச்சி அந்த ஒளியைப் பிறப்பித்து, அதனை வளைந்த ஆடிகளாலே திருப்பிவிட வேண்டும். நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் செய்த முதல் சோதனைப் பொறிகள் இரண்டு. 2006-இல் ஒன்று அமெரிக்காவின் ஆல்பனிக்குப் போயிற்று. மற்றொன்று லூவனுக்கு வந்தது. பலர் கைவிட்டுவிடலாம் என்றார்கள். அந்த ஒளியாலே செய்த சில்லுகள் கடைக்கு வர 2019-ஐ ஒட்டிய ஆண்டுகள் ஆயின. பதின்மூன்று ஆண்டுகள்! இடையிலே எத்தனை தேர்தல்கள் வந்து போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே வரிசையிலே அடுத்த தலைமுறைப் பொறிக்காக ஏஎஸ்எம்எல்லும் ஐமெக்கும் சேர்ந்து 2024 ஜூனில் வெல்ட்ஹோவனில் ஒரு கூட்டுச் சோதனைக்கூடம் திறந்திருக்கின்றன.

வான் ஓவர்ஸ்ட்ராட்டன் 1999-இல் மறைந்தார். நிலையம் நிற்கவில்லை, 70 பேர் இருந்த இடத்திலே இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர். பல நாட்டவர் கூடும் இடமாதலால் கூடத்துக்குள்ளே ஆங்கிலம்தான் புழங்குகிறது. டச்சுக்காகப் போராடியவர்கள் ஆங்கிலத்துக்கா இடம் கொடுத்தார்கள் என்று குறும்பாகக் கேட்போர் இருக்கக்கூடும். பள்ளியிலே டச்சு, ஆட்சியிலே டச்சு, சட்டமன்றத்திலே டச்சு; உலகத்தோடு பேச ஆங்கிலம். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை!

ஆனால், தோழர்களே, பாராட்டோடு நிறுத்திக்கொண்டால் நான் பாதி உண்மை பேசியவனாவேன். அதே தொழிற்புரட்சி இயக்கத்தின் காலத்திலே, 1983-இல், அவுடெனார்டெ என்ற ஊரிலே மியெடெக் என்னும் சில்லு ஆலை தொடங்கப்பட்டது. ஆராய்ச்சி லூவனில், உற்பத்தி அவுடெனார்டெயில் என்று கனவு கண்டார்கள். ஆலை கை மாறிற்று. அல்காடெல் வாங்கியது, பிறகு அமெரிக்க நிறுவனங்கள் வாங்கின, 2022-இல் பெல்கேன் என்று பெயர் மாறிற்று. 2024-இல் திவாலாயிற்று. நானூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள்.

அதே 2024-இல், மே மாதத்திலே, லூவனில் 250 கோடி யூரோ செலவில் புதிய முன்னோட்ட உற்பத்தித் தொடர் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதிலே 140 கோடி பொதுப்பணம். அங்கே உருவாகும் நுட்பத்தைக் கொண்டு முன்னணிச் சில்லுகளைச் செய்யும் ஆலை பிளாண்டர்ஸ் மண்ணிலே ஒன்றுகூட இல்லை. தைவானிலே இருக்கிறது, கொரியாவிலே இருக்கிறது, அமெரிக்காவிலே இருக்கிறது. அந்த 140 கோடியிலே எங்கள் பங்கு எங்கே என்று அவுடெனார்டெ தொழிலாளி கேட்டால், பதில் சொல்ல வேண்டியது பிரசல்சில் கூடும் பிளாண்டர்ஸ் சட்டமன்றம்தான்.