கோடி ரூபாய் கார்டும் ஒரு கத்தரியும்

இன்னைக்கு ஒரு சின்ன அட்டைத் துண்டைப் பத்திப் பேசுவோம். உள்ளங்கையில பாதிகூட வராது. ஆனா 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது.

அமெரிக்காவில் 1909-இலிருந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்டுக்குள்ள பேஸ்பால் வீரர்கள் படம் போட்ட கார்டு வச்சு வித்தாங்க. அந்தத் தொகுப்புக்கு டி206-னு பேரு. அதில் ஹோனஸ் வாக்னர் கார்டு மட்டும் சீக்கிரமே நின்னுபோச்சு. சிகரெட்டோட தன் படம் குழந்தைங்க கைக்குப் போகக் கூடாதுன்னு அவர் மறுத்ததா ஒரு கதை. காசு தரலைன்னு மறுத்ததா இன்னொரு கதை. எப்படியோ, இன்னைக்குத் தேடினா நூறுகூடத் தேறாது.

அத்தனை பழைய அட்டைன்னா முனை மழுங்கித்தானே இருக்கணும்? ஆனா ஒண்ணு மட்டும் புதுசு மாதிரி, கூர்மையான ஓரங்களோட இருந்துச்சு. 1991-இல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து அதை 4,51,000 டாலருக்கு ஏலம் எடுத்தாங்க. அப்போதான் தொடங்கியிருந்த பிஎஸ்ஏ என்ற தரச்சான்று நிறுவனம் அதுக்கு 10-க்கு 8 கொடுத்தது. அவங்க கொடுத்த முதல் சான்றிதழே அதுதான்!

2013-இல் குட்டு உடைஞ்சது. ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்தக் கார்டின் ஓரங்களை வெட்டியது தான்தான் என்றும் ஒப்புக்கொண்டார். 2015-இல் அவருக்கு 20 மாதம் சிறைத் தண்டனை.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, கார்டு போலி இல்லை. அட்டை, மை, படம் எல்லாமே அசல். புற ஊதா விளக்கு இருக்கே, அது புதுத் தாளைக் காட்டிக்கொடுக்கும். இந்தக் காலத்துத் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கிற ரசாயனம் அந்த வெளிச்சத்துல நீலமா ஒளிரும். ஆனா அசல் அட்டையை வெட்டியிருந்தா அதைக் கண்டுபிடிக்க அந்த விளக்கு மட்டும் போதாது. அதுக்கு அளவுகோல் வேணும், உருப்பெருக்கியில ஓரத்தைப் பார்க்கணும். மத்த இடமெல்லாம் பழுப்பேறியிருக்க, ஒரு ஓரம் மட்டும் புதுசா வெள்ளையா இருந்தா உஷாராகணும்.

அதனால "இது அசலா?"ங்கிறது ஒரு கேள்வி. "இதுல யாராவது கை வச்சிருக்காங்களா?"ங்கிறது வேற கேள்வி. வாங்குறவங்க பெரும்பாலும் முதல் கேள்வியோட நிறுத்திடுறாங்க.

நாளைக்கு நீங்க ஆன்லைன்ல கையெழுத்துப் போட்ட பேட் வாங்கினாலும் இதே கதைதான். சான்றிதழ்ங்கிறது ஒரு மனுஷனோட கருத்து. யார் கொடுத்தாங்க, அவங்களுக்கும் விக்கிறவருக்கும் என்ன தொடர்பு, இதுக்கு முன்னாடி யார் யார் கையில இருந்துச்சு, எல்லாத்தையும் கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா, விலை எவ்வளவு குறைவா இருந்தாலும் விட்டுடுங்க.

2022-இல் இன்னொரு வாக்னர் கார்டு வித்துச்சு. கசங்கி, மழுங்கி, 10-க்கு 2 மட்டுமே வாங்கினது. விலை 72.5 லட்சம் டாலர்! சந்தை ஏறினதும் காரணம்தான். ஆனாலும், கிழிசலை மறைக்காத ஒரு பொருளுக்கு அவ்வளவு கொடுக்க ஆள் இருக்காங்கங்கிறது நல்ல சேதிதானே? அடுத்த எபிசோடுல சந்திப்போம்.