வேற்றுமொழி நாட்டில் முதுமை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிறந்த மண்ணை விட்டு வந்து, வேற்றுமொழி வழங்கும் இடத்திலே முதுமை எய்துவோருக்கு மருத்துவ உதவி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பது பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். இரயில்வே குமாஸ்தாவுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். நாம் பேசப் புகுந்தது மருந்தைப் பற்றியன்று. அதைக் கொடுக்கும் முறையைப் பற்றியே.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மெக்ஸிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா முதலிய இடங்களைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்பானிய மரபினர், 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 6 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்டோர். போர்க்காலத்தில், 1943 முதல் 1945 வரை, மெக்ஸிகோவிலிருந்து பல்லாயிரவரை ஒப்பந்தத்தில் வரவழைத்து இரயில் பாதைப் பணியில் அமர்த்தினார்கள் என்பது நம் போன்ற இரயில்வே குடும்பத்தாருக்குச் சுவை தரும் செய்தி.

அம்மக்களின் முதியோரில் ஆங்கிலம் அறியாதோர் பலர். மருந்துப் புட்டியில் ஆங்கிலத்தில் 'ஒன்ஸ்' என்று எழுதினால் ஒரு முறை என்பது பொருள். ஸ்பானியத்திலோ அதே நான்கு எழுத்துக்களை 'ஓன்சே' என்று படிப்பர். பதினொன்று என்று பொருள்படும்! இரத்த அழுத்த மாத்திரையைப் பதினொரு முறை விழுங்கினால் என்னாவது? 1980இல் பிளாரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்தான். உண்ட பொருளால் வந்த கேடு என்னும் கருத்தில் வீட்டார் சொன்ன ஸ்பானியச் சொல்லை, போதை மருந்து உண்டான் என்று மருத்துவர் கொண்டனர். உண்மையில் அவனுக்கு மூளையில் இரத்தம் கசிந்திருந்தது. கைகால்கள் செயலிழந்தன.

சொல் விளங்கினாலும் போதாது. ஸ்பானியத்தில் நம் 'நீ', 'தாங்கள்' போல இரண்டு சொற்கள் உண்டு. 'ஊஸ்தெத்' என்று அழைக்க வேண்டிய பெரியவரை இளம் டாக்டர் 'தூ' என்று அழைத்தால் அவர் மனம் சுருங்கும். டாக்டரை எதிர்த்துக் கேட்பது மரியாதையன்று என்று கருதி, விளங்காததற்கும் தலையசைத்துவிட்டு வீடு திரும்புவோரும் உளர். ஆகவே, "விளங்கிற்றா?" என்று வினவாமல், மருந்தை எப்படி உண்பீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்லச் செய்வதே தக்கது.

உணவும் அப்படியே. நீரிழிவு அவர்களிடையே மிகுதி. சோள ரொட்டியை அறவே விடுக என்பது நம் பாட்டியிடம் இட்லியை விடச் சொல்வது போலாகும். எத்தனை ரொட்டி, உடன் எவ்வளவு அவரை என்று அளவு சொன்னால் கேட்பர். மெக்ஸிகோ மக்கள் சப்பாத்திக்கள்ளியைக் கறி சமைத்து உண்கின்றனர். சர்க்கரைக்கு நல்லதென்றும் நம்புகின்றனர். நகைக்காத டாக்டரிடந்தான் இதைச் சொல்வார்கள்.

பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது அங்கு நெடுநாள் வழக்கம். பாட்டியின் கருப்பை நோயைப் பத்து வயதுச் சிறுவன் எவ்வாறு சொல்வான்? 2010ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் 2016இல் வந்த விதி, அரசாங்க நிதியுதவி பெறும் மருத்துவமனைகள், அவசர வேளை தவிர, சிறுவரை இதற்கு நம்பலாகாது என்றது. அண்டைவீட்டுப் பெண்களையே பயிற்றி வீடுதோறும் அனுப்பும் முறையும் உண்டு. 'புரொமோட்டோரா' என்பது அவர்கள் பெயர். சட்டத்தைவிட இதுவே நம் மனத்தைக் கவர்ந்தது.

அம்மக்களும் நம்மைப் போலவே உணவிலும் நோயிலும் சூடு, குளிர்ச்சி பார்ப்பவர்கள். நம் காலனியில் பாட்டி 'உடம்பு சூடு' என்பார். பேரன் ஹிந்தியில் 'புகார்' என்பான். டாக்டர் காய்ச்சல் மாத்திரை எழுதுவார். நீர்க்கடுப்போ நின்றபாடில்லை.

ஹிந்தி நன்கு பேசும் சகோதரிகள் நம்மிடையே பலர். முதியோருடன் ஆஸ்பத்திரிக்குத் துணை செல்ல இசைவோருக்காக நூல்நிலைய மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துள்ளோம். பெயரையும் ஓய்வான நாளையும் எழுதுக. ஆடவர் எழுதுவதாயின், டூட்டி மாறும் வாரத்தையும் குறித்தல் நலம்.