மனநோயோடு கல்லூரிக்குத் திரும்புதல்: சித்தூர், திருப்பதி வட்டாரம்

மனச்சிதைவும் இருமுனை மனநோயும் பலருக்கு 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகின்றன. கல்லூரிப் படிப்பின் வயதும் அதுவே. படிப்பில் முதல் அடி விழுவது வருகைப் பதிவேட்டில். இவ்வட்டாரப் பொறியியல் கல்லூரிகள் பலவும் அனந்தபுரம் ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக்கழக விதிகளைப் பின்பற்றி வந்தவை. 75 விழுக்காடு வருகை வேண்டும். மருத்துவக் காரணம் காட்டினால் 65 வரை விலக்கு உண்டு. அதற்கும் குறைந்தால் அந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். 16 வாரப் பருவத்தில் 6 வாரம் மருத்துவமனையிலும் வீட்டிலுமாகக் கழிந்தால் மிஞ்சுவது 62.5 விழுக்காடு. காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் போட்ட கணக்கு இது. தணிந்து தணிந்து திரும்ப வரும் நோய்க்கு இதில் இடமே இல்லை.

சிகிச்சைக்குத் திருப்பதி ரூயா அரசு மருத்துவமனை இருக்கிறது. சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் பல எல்லை தாண்டி வேலூருக்குப் போகின்றன. அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியுடன் வீட்டார் ஒருவர் உடன் தங்குவது அதன் நெடுநாள் வழக்கம். மாத்திரை வேளை என்ன, தூக்கம் கெட்டால் எதற்கு அறிகுறி என்பதையெல்லாம் பெற்றோர் அங்கேயே கற்றுக்கொண்டு வருகிறார்கள். கல்லூரியிலோ அப்படிக் கற்றவர் அநேகமாக யாருமில்லை.

ஒலான்சபின் போன்ற இரவு மாத்திரையின் மந்தம் மறுநாள் முதல் வகுப்புவரை நீளக்கூடும். லித்தியம் மருந்து எடுப்பவர்களில் சிலருக்குக் கை நடுங்கும், தாகம் அடிக்கடி எடுக்கும். 3 மணி நேரத் தேர்வில் விடை தெரிந்திருந்தும் பாதியிலேயே எழுத்து கோணிப்போகும். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டு நிற்பதிலேயே கவனம் கலையும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடமும், 5 ஆண்டு வயது வரம்புத் தளர்வும் உண்டு. ஆனால் இதற்குப் பாதிப்பு 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். மனநோயின் பாதிப்பை அளக்கும் ‘ஐடியாஸ்’ அளவுகோல் தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கோடு நோயின் கால அளவையும் கூட்டி மதிப்பிடுகிறது. 20க்கு 7 வந்தால் 40 விழுக்காடு. படிக்கத் திரும்பும் அளவுக்குத் தேறியவர் 7க்குக் கீழே வந்துவிடலாம். தேறியதற்காகவே உரிமை பறிபோனதாக அவரும், உதவ வேண்டியதில்லை என்று அலுவலகமும் எண்ணிவிடுவது பெருந்தவறு. 40 என்பது இட ஒதுக்கீட்டுக்கான எல்லை. தேர்வறையில் தரவேண்டிய வசதிக்கு அது எல்லையல்ல. உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் குறையுள்ள ஒருவரின் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அதன்பின் 2022 ஆகஸ்டில் மத்திய அரசு, 40 விழுக்காட்டுக்குக் குறைவாயிருந்தும் எழுதச் சிரமப்படுவோருக்கு எழுத்தரும், மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் தர நெறிமுறை வகுத்தது. அதற்கு மருத்துவச் சான்று தேவை.

சான்று கேட்கும் இடத்தில்தான் பலர் பின்வாங்குகிறார்கள்; நோயின் பெயர் வகுப்பறைவரை பரவிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. வகுப்பாசிரியருக்குத் தெரிய வேண்டியவை கை நடுக்கம், காலை மந்தம், மாதமொரு மருத்துவமனை நாள், அவ்வளவே. விசாகப்பட்டினத்தில் இறந்த ஒரு மாணவி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்றது. முழுச் சான்றையும் அவரிடம் ஒப்படைத்து, தேவைகளை மட்டும் துறைக்கும் தேர்வுப் பிரிவுக்கும் எழுதச் சொல்வதே சரியான வழி. அதையும் பருவத்தின் முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும்.