தண்ணீர் ரிப்போர்ட்டைப் படிக்க நம்மில் ஒருவர்

(பிளஸ் டூ தேர்வு முடிவுகளுக்குப் பின் நமது டிரஸ்ட் நடத்திய கல்வி வழிகாட்டுக் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



பெற்றோர்களே, ஜமாஅத்தாரே, அடுத்து என்ன படிப்பது என்ற யோசனையோடு வந்திருக்கும் பிள்ளைகளே! ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் மருத்துவம், பொறியியல், பி.காம்., சி.ஏ. பற்றிப் பேசுகிறோம். அவற்றுக்கு வழி சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த முறை, வழி சொல்ல ஆளில்லாத ஒரு படிப்பை எடுத்துக்கொண்டோம். அதன் பெயர் சுற்றுச்சூழல் நச்சியல். கல்லூரியில் என்விரான்மென்டல் டாக்ஸிகாலஜி என்பார்கள். காற்றிலும் தண்ணீரிலும் மண்ணிலும் நாம் தொட்டுப் புழங்கும் பொருளிலும் கலந்திருக்கும் ரசாயனம் எந்த அளவில், எந்த வழியாக உடம்புக்குக் கேடு செய்கிறது என்று அளந்து சொல்லும் படிப்பு அது.

இது நமக்கு எதற்கு என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறோம். மேல்விஷாரம் தொடங்கி ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நம் வீடுகளில் பாதிக்கு மேல் தோலை நம்பி நடந்தவை. நம் கல்லூரிகளும் பள்ளிவாசல்களும் எழுந்ததில் தோல் வியாபாரிகளின் பணம் இருக்கிறது. பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டதிலும் அதே தோலுக்குப் பங்கு இருக்கிறது. இரண்டும் உண்மை. 1996-ல் உச்ச நீதிமன்றம் இந்த மாவட்டத்து டேனரி வழக்கில்தான், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டம் என்று உறுதி செய்தது. சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் எந்த மாநிலத்தில் இருந்தாலும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் பாலாற்றைப் பற்றி மறுபடியும் தீர்ப்புச் சொல்லி, இழப்பீட்டுக்கும் கண்காணிப்புக் குழுவுக்கும் உத்தரவிட்டது. இடையில் ஓடியது 28 ஆண்டு.

இத்தனை வழக்கிலும் தண்ணீரை எடுத்துச் சோதித்தவர், எண்ணைச் சொன்னவர், அதற்குப் பொருள் சொன்னவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். உங்கள் தெருவில் ஒரு போர் போட்டு, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினால் ஒரு தாள் வரும். அதில் டி.டி.எஸ். என்று ஒரு எண் இருக்கும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் அது லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, ‘ரிப்போர்ட் வந்துடுச்சு’ என்று பீரோவில் வைத்துவிட்டு, கேன் தண்ணீர் வாங்கும் வீடுகள் எத்தனை!

குரோமியத்தையே எடுத்துக்கொள்வோம். தோல் பதனிடப் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். வெட் ப்ளூ தோலின் நீல நிறம் அதனால் வருவது. அதன் நச்சுத்தன்மை குறைவு. ஆறாம் நிலைக் குரோமியம் அப்படியல்ல. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பட்டியலிலேயே வைத்திருக்கிறது. தூசியாக மூக்கில் ஏறினால் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்ததைப் பற்றி எல்லோருக்கும் இவ்வளவு அச்சம் ஏன் என்றால், அதில் இருப்பது இந்த ஆறாம் நிலை. பெயர் ஒன்று, குணம் இரண்டு. இதைப் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் ஒன்று வீண் பீதி கிளப்புவார், அல்லது ஒன்றுமில்லை என்று மறைப்பார். இரண்டையும் நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

இதில் பிழைப்பு எங்கே இருக்கிறது என்று தகப்பன்மார் கேட்பீர்கள். நியாயம்தான். முதல் இடம் நம் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. 2015 மே முதல் ஐரோப்பிய நாடுகளில், தோலின் ஒரு கிலோவில் ஆறாம் நிலைக் குரோமியம் 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், உடம்பில் படும் செருப்பு, கையுறை, பை எதையும் விற்க முடியாது. மூன்றாம் நிலையில் நல்லபடியாகப் பதனிட்ட தோலிலும், சூட்டிலும் வறண்ட காற்றிலும், தப்பான எண்ணெய் சேர்த்தாலும் ஒரு பகுதி ஆறாம் நிலைக்கு மாறிவிடும். இங்கிருந்து சரியாகப் போன சரக்கு அங்கே போய்ச் சேரும்போது தேறாமல் திரும்பலாம். ஒரு கண்டெய்னர் திரும்பினால் என்ன நஷ்டம் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் வெளிநாட்டு பிராண்டுகள் தடை செய்த ரசாயனங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்டர் தருகின்றன. அந்தப் பட்டியலைப் புரிந்து, சாம்பிள் எடுத்து, லேபோடு பேசி, எந்தக் கட்டத்தில் தவறு நடந்தது என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். ஏற்றுமதி நிறுவனங்களிலும் சோதனைக் கூடங்களிலும் இந்த வேலை இருக்கிறது.

அடுத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள். கெமிஸ்ட் வேலைதானே என்று லேசாக நினைக்காதீர்கள். 2015 ஜனவரி கடைசி நாள் ராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் தூங்கிய இடத்திலேயே இறந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. டேனரிக் குழிகளில் நடக்கும் சாவு வேறு விதம். சுண்ணாம்புச் சல்பைடுத் தண்ணீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்கியவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். வாயுவை அளக்கும் கருவி இல்லாமல் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்று சொல்வதும், சொன்னதை நடக்க வைப்பதும் தொழிற்சாலை நலவியல் என்ற தனித் துறை. வளைகுடாவுக்கு சேஃப்டி ஆபீசராகப் போக சர்டிபிகேட் கோர்ஸ் தேடும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த சர்டிபிகேட்டின் அடியில் ஒரு வேதியியல் பட்டம் இருந்தால் அதன் மதிப்பே வேறு.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பொறியாளர் பணியோடு விஞ்ஞானி பணியும் உண்டு. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், போட்டி கடுமை. அதை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். பூச்சிமருந்து, மருந்து, அழகுசாதனப் பொருள்களைச் சந்தைக்கு வருமுன் சோதிக்கும் நச்சியல் கூடங்கள் தனியாரில் நிறைய உண்டு. நமக்குப் பக்கத்தில் படப்பையில் ஐ.ஐ.பி.ஏ.டி. இருக்கிறது.

படிப்பு வழி எப்படி? பிளஸ் டூவில் வேதியியல் இருக்க வேண்டும். அதற்கு மேல் பி.எஸ்சி. வேதியியல், விலங்கியல், உயிர்வேதியியல் எதுவானாலும் சரி. இதை நம் ஊர்க் கல்லூரிகளிலேயே படிக்கலாம். இளங்கலையிலேயே ‘நச்சியல்’ என்று பெயர் போட்ட கோர்ஸைத் தேடி லட்சம் லட்சமாகக் கட்ட வேண்டாம் என்பது நம் கருத்து. அடிப்படை வேதியியல்தான் முக்கியம். சிறப்புப் படிப்பு முதுகலையில் போதும். டெல்லி ஜாமியா ஹம்தர்தில் எம்.எஸ்சி. டாக்ஸிகாலஜி இருக்கிறது. பி.பார்ம். படித்தவர்களுக்கு நைப்பர் நிறுவனங்களில் இதே துறை உண்டு. தோலோடு சேர்த்தே படிக்க விரும்பினால் அண்ணா பல்கலைக்கழகத்தில் பி.டெக். லெதர் டெக்னாலஜி. எந்தக் கல்லூரியானாலும் சேருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: அங்குள்ள ஏ.ஏ.எஸ்., ஜி.சி.எம்.எஸ். கருவிகளை மாணவர்கள் கையால் இயக்குகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா? வேலை தருபவர் அதைத்தான் கேட்பார்.

ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கு அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. லக்னோவில் இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனம். 1965-ல் அதைத் தொடங்கி வளர்த்த முதல் இயக்குநர் பேராசிரியர் சிப்தே ஹசன் ஜைதி. அந்தப் பெயர் நம் பிள்ளைகளின் காதில் விழுந்திருக்காது. இரண்டிலும் பிஎச்.டி. செய்யலாம். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பெண்களுக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு. கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழலுக்குத் தனித் தாள் இருக்கிறது. சிறுபான்மை ஆராய்ச்சி மாணவருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆகவே நெட் தேர்வைத்தான் நம்ப வேண்டும். இளங்கலை படிக்கும்போதே அறிவியல் அகாதமிகள் தரும் கோடைக்கால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம், உதவித்தொகையோடு. ஆண்டுக் கடைசியிலேயே தேதி முடிந்துவிடும் என்பதால் பலர் தவற விடுகிறார்கள்.

தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறோம். பி.எஸ்சி. வேதியியலில் முதல் வகுப்பு வாங்கும் நம் பெண் பிள்ளைகள் பி.எட்.டோடு நின்றுவிடுகிறார்கள். ஆசிரியர் வேலை நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் லேப் வேலை என்பது கூரைக்குக் கீழே, குறித்த நேரத்தில், கண்ணியமாகச் செய்யக்கூடிய வேலை. பலர் சொல்லும் தயக்கம் சென்னையில் தங்குமிடம்தான். அதற்காக, பெண்கள் விடுதிகளை நேரில் பார்த்து விசாரித்துவர நம் மகளிர் குழுவில் இருவர் முன்வந்திருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழுக்குள் விவரம் வரும். கட்டணத்துக்கு டாம்கோ கல்விக் கடன் இருக்கிறது, அந்த விண்ணப்பத்தை நாமே உட்கார்ந்து நிரப்பித் தருகிறோம்.

இத்துறையில் சேர முடிவு செய்யும் முதல் ஐந்து பிள்ளைகளுக்கு நுழைவுத் தேர்வுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் டிரஸ்ட் ஏற்கும். இந்த ஞாயிறு அஸருக்குப் பிறகு மதிப்பெண் பட்டியல் நகலோடு அலுவலகத்துக்கு வாருங்கள். வரும்போது வீட்டு போர் தண்ணீரின் பழைய ரிப்போர்ட் பீரோவில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். எதிர் எதிரே உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.