மறுத்துப் பேசும் பயிற்சி: கல்லூரி விவாத அணிகளைக் காப்பது குறித்து



இரட்டைமலை சீனிவாசன் அவர்களின் நினைவைப் போற்றும் இந்த உரைக்குக் கல்லூரி விவாத அணிகளைப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். இலக்கிய மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கியவர் சீனிவாசன். பொதுச் சாலைகளும் கிணறுகளும் ஒடுக்கப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டசபையில் முன்மொழிந்தவரும் அவரே. பின்னர் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் சென்றார். எழுத்தும் அவைப் பேச்சும் அவருக்கு வெவ்வேறு வேலைகளாக இருக்கவில்லை. எழுத்துக்காக நாம் இதழ்களையும் பதிப்பகங்களையும் கட்டியிருக்கிறோம். நம்மை மறுப்பவர் எதிரே இருக்கும் அவையில் பேசுவதற்கு நம் பிள்ளைகள் எங்கே பயிற்சி பெறுகிறார்கள்?

பேச்சுப்போட்டிகளுக்கு நம்மிடம் குறைவில்லை. தலைவர்களின் பிறந்தநாளையொட்டித் தமிழ் வளர்ச்சித் துறை மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டி நடத்திப் பரிசு தருகிறது. அவை தேவை. ஆனால் பேச்சுப்போட்டியில் பேசி முடித்தவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. மனப்பாடம் செய்ததைக் குரல் ஏற்றி இறக்கிச் சொன்னால் போதும். பட்டிமன்றத்தில் எதிரணி உண்டு, ஆனால் அங்கே பெரும்பாலும் கைதட்டலே தீர்ப்பு.

விவாதப் போட்டி வேறு வகை. ஒரு தீர்மானம், இரண்டு அணிகள், அளந்து தரப்பட்ட நிமிடங்கள். காலையில் ஆதரித்த தீர்மானத்தை மாலையில் எதிர்க்க வேண்டிவரும். சொல்லும் ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும். எதிரணி குறுக்குக் கேள்வி கேட்கும்போது, தயாரித்து வந்த தாள் உதவாது. அந்த நிமிடத்தில் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். நேர்முகத் தேர்விலும் நீதிமன்றத்திலும் கிராம சபையிலும் நம்மவர்களுக்குத் தேவைப்படுவது இந்தத் திறன்தான்.

இதை ஓர் ஒடுக்கப்பட்ட சமூகம் எப்படிக் கைப்பற்றியது என்பதற்கு அமெரிக்காவின் வைலி கல்லூரி சான்று. டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் என்னும் சிற்றூரில் 1873இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி அது. 1923இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்த கவிஞர் மெல்வின் டோல்சன், அடுத்த ஆண்டே விவாத அணியைத் தொடங்கினார். மாலை வேளைகளில் மாணவர்களைத் தன் வீட்டில் கூட்டி, எதிரணி எதைச் சொல்லக்கூடும், அதற்கு என்ன பதில் என்று திரும்பத் திரும்பப் பயிற்சி அளித்தார். கறுப்பினத்தவரைக் கும்பல் அடித்துக் கொன்ற காலத்தில், அந்த மாணவர்கள் அதே தென்மாநிலச் சாலைகளில் காரில் போட்டிகளுக்குப் போனார்கள். 1930இல் ஹென்ரியெட்டா பெல் என்ற மாணவி அணியில் இடம்பெற்றார். அந்த அணியின் முதல் பெண் அவர்.

1935இல் வைலி அணி, நாட்டின் முன்னணி அணியாக விளங்கிய தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை வென்றது. ஆனாலும் தேசியச் சாம்பியன் என்ற பட்டம் அவர்களுக்குக் கிடைக்க வழியில்லை. அன்றைய தேசிய விவாதச் சங்கத்தில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு உறுப்புரிமை கிடையாது. வாதத்தில் வென்றவர்களைப் பட்டியலில் சேர்க்காத இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல.

அந்த அணியில் பயின்றவர் ஜேம்ஸ் ஃபார்மர். கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்கு வயது 14. இனச் சமத்துவத்துக்கான ‘கோர்’ அமைப்பை 1942இல் உருவாக்கியவர்களில் ஒருவர். 1961இல் பேருந்துகளில் இனப்பிரிவினையை எதிர்த்த ‘சுதந்திரப் பயணங்களை’ வழிநடத்தியவர். பின்னாளில் மால்கம் எக்ஸுடனும் மேடைகளில் விவாதித்தார். விவாத அணி கோப்பைகளை மட்டும் தருவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

தோழர்களே, இந்தக் கதையின் அடுத்த பகுதியைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். 1947இல் டோல்சன் வேறு கல்லூரிக்குப் போனார். அவருக்குப் பின் அந்த அணி நிலைக்கவில்லை. 2007இல் ‘தி கிரேட் டிபேட்டர்ஸ்’ திரைப்படம் வெளிவந்தது. அதை இயக்கி டோல்சனாக நடித்த டென்சல் வாஷிங்டன் 10 லட்சம் டாலர் நன்கொடை அளித்த பிறகுதான் வைலியில் அணி மீண்டும் எழுந்தது. ஒரு மனிதரின் உழைப்பில் நின்றது அவரோடு போனது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு வேறொருவரின் கொடையால் திரும்பியது.

வெற்றியும் காப்பாற்றாது. கான்சாஸ் மாநிலத்தின் எம்போரியா அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரயன் வாஷ், எலைஜா ஸ்மித் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள், 2013இல் அமெரிக்கக் கல்லூரி விவாதத்தின் இரு பெரும் தேசியப் போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார்கள். அதற்குமுன் எந்த அணியும் அதைச் செய்ததில்லை. விவாத அரங்கம் தங்களைப் போன்றவர்களுக்கு வீடாக இருக்கிறதா என்ற கேள்வியையே அவர்கள் தங்கள் வாதமாக்கினார்கள். 2022இல் அந்தப் பல்கலைக்கழகம் ஆசிரியர்கள் பலரை நீக்கி ஆட்குறைப்புச் செய்தபோது, விவாதத் திட்டத்தையும் மூடியது. கோப்பைகள் அலமாரியில் இருந்தன. நிதி ஒதுக்கீட்டில்தான் இடம் இல்லாமல் போனது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது விழா அல்ல, ஏற்பாடு. முதலாவது, விவாதப் பயிற்சி ஓர் ஆசிரியரின் ஆர்வத்தில் நிற்காமல் அவருடைய பணிநேரக் கணக்கில் சேர வேண்டும். இரண்டாவது, பயணப்படியும் சாப்பாடும் கல்லூரிக் கணக்கிலிருந்து வர வேண்டும். கைக்காசு போட்டுத்தான் போட்டிக்குப் போகலாம் என்றால் யார் போவார், யார் நின்றுவிடுவார் என்பது நமக்குத் தெரியும். மூன்றாவது, ஏற்கெனவே நன்றாகப் பேசுபவரையே ஒவ்வொரு முறையும் அனுப்பும் வழக்கம் ஒழிய வேண்டும். முதல்முறை மேடை ஏறுபவர்களுக்கென்று தனிப் பிரிவு வேண்டும். தமிழில் வாதிடுபவரை ஆங்கிலத்தில் வாதிடுபவருக்குக் கீழே வைக்கக் கூடாது. நான்காவது, மூத்த மாணவர் இளையவரைப் பயிற்றுவிக்கும் சங்கிலி அறுபடக் கூடாது.

இவற்றில் கடைசி ஒன்றுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் நம் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை, ஒரு தீர்மானம், பக்கத்துக்கு இருவர், நேரம் பார்க்க ஒருவர். டோல்சனின் வீட்டில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான்.

மாணவத் தோழர்கள் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று உண்டு. நாளைக்கு இடஒதுக்கீட்டை எதிர்த்துப் பேசும் பக்கம் எங்களுக்கு விழுந்தால், அதையும் பேச வேண்டுமா? நம் நிலை இது: ஒரு கொள்கை எப்படி அமைய வேண்டும், யாரை எட்ட வேண்டும் என்பது தீர்மானமாகலாம். மனிதர் சமமா என்பது தீர்மானமாக முடியாது. அப்படி ஒரு தலைப்பை வைக்கும் போட்டியில், தலைப்பையே எதிர்ப்பதுதான் முதல் வாதம். அதே வேளை, எதிரியின் வாதத்தை அவரைவிட நன்றாக அறிந்திருப்பது அவருக்குப் பணிவதாகாது. ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர், சாதி என்பது வேலைப் பிரிவினை, இரத்தத் தூய்மை என்றெல்லாம் சொல்லப்பட்ட நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துத் தகர்த்தார். எதிர்ப்பக்கத்தை முழுதாகப் படித்தவரால்தான் அது முடியும்.

1936இல் லாகூரில் நிகழ்த்துவதற்காக எழுதப்பட்ட அந்த உரை நிகழ்த்தப்படவே இல்லை. அழைத்தவர்கள் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள், அம்பேத்கர் மறுத்தார், மாநாடே கைவிடப்பட்டது. அவர் அதைத் தன் செலவில் அச்சிட்டார். அவை மறுக்கப்பட்டபோது அச்சு கைகொடுத்தது. அந்த அச்சை நாம் தொண்ணூறு ஆண்டுகளாகப் படித்துவருகிறோம். அவையையும் நாம் கைப்பற்ற வேண்டும். சீனிவாசன் சட்டசபையில் வைத்ததும் ஒரு தீர்மானம்தான். அடுத்த தீர்மானத்தை முன்மொழிந்து, எழும் எல்லா மறுப்புக்கும் நின்று பதில் சொல்லக்கூடியவர்கள் இன்று விடுதி அறைகளில் இருக்கிறார்கள். இந்த வாரமே அவர்களுக்கு ஒரு மாலையை ஒதுக்குவோம்.

ஜெய்பீம்.