பாக்கெட் ஓரத்தில் ஒரு தாமிர ரிவெட்: லீவை ஸ்ட்ராஸின் கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)



இந்த எபிசோடைக் கேட்கும்போது நீங்க ஜீன்ஸ் போட்டிருந்தீங்கன்னா, பாக்கெட் ஓரத்துல விரலை வச்சுப் பாருங்க. சின்னதா, வட்டமா ஒரு உலோகப் பொட்டு தட்டுப்படும். அதுக்குப் பேரு ரிவெட். இன்னைக்குக் கதை அந்தப் பொட்டைப் பற்றியதுதான். அதற்குப் பின்னால் இரண்டு யூதர்கள் இருக்கிறார்கள். ஒருத்தர் பேரு உலகத்துக்கே தெரியும். இன்னொருத்தர் பேரு பலருக்கும் தெரியாது.

முதல்ல, தெரிஞ்சவர். 1829ஆம் ஆண்டு, ஜெர்மனியின் பவேரியா பகுதியில் புட்டன்ஹைம் என்ற சிற்றூரில் பிறந்தார் லோப் ஸ்ட்ராஸ். அப்பா துணிமணி மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராகப் போய் விற்பவர். அந்தக் காலத்து பவேரியாவில் யூதர்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு ஊரில் இத்தனை யூதக் குடும்பங்கள்தான் இருக்கலாம் என்று கணக்கு. ஒரு இடம் காலியானால்தான் இன்னொரு இளைஞன் கல்யாணம் செய்து குடித்தனம் வைக்க முடியும். யோசிச்சுப் பாருங்க, பிறந்த ஊர்லயே வாழ்றதுக்குக் காத்திருக்கணும்!

1846இல் அப்பா காசநோயில் இறந்துபோனார். அடுத்த வருஷமே அம்மா ரெபேக்கா, லோப்பையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். மூத்த தாரத்துப் பிள்ளைகள் இருவர் அங்கே ஏற்கெனவே துணி வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். அங்கே லோப் என்ற பெயர் லீவை ஆனது.

1853இல் லீவை அமெரிக்கக் குடிமகன் ஆனார். அதே வருஷம் சான்பிரான்சிஸ்கோ போய், அண்ணன்களின் வியாபாரத்துக்கு மேற்குக் கரைக் கிளையாக ஒரு மொத்தக் கடை தொடங்கினார். தங்கம் தேடி ஜனங்கள் குவிந்த காலம் அது. இந்த இடத்துல ஒரு பிரபலமான கதை சொல்லுவாங்க: கூடாரத் துணியோட போனாரு, அது விக்கலைன்னு சுரங்கத் தொழிலாளிகளுக்கு பேன்ட் தைச்சாருன்னு. கேட்க நல்லா இருக்கு, ஆனா அது உண்மையில்லை. அடுத்த இருபது வருஷம் அவர் செய்தது துணி, போர்வை, உள்ளாடை, கைக்குட்டை இவற்றை மொத்தமாக விற்றதுதான். 1906 பூகம்பத்திலும் தீயிலும் கம்பெனியின் பழைய ஆவணங்கள் எரிந்துபோயின. காலியா இருந்த அந்த இடத்துலதான் கட்டுக்கதை குடியேறிடுச்சு.

சரி, பேன்ட் எங்கிருந்து வந்தது? இங்கதான் நம்ம இரண்டாவது ஆள் வர்றாரு. ஜேக்கப் டேவிஸ். லாட்வியாவின் ரீகா நகரில் 1831இல் பிறந்த யூதத் தையற்காரர். நெவாடா மாநிலத்தின் ரீனோவில் கூடாரம், குதிரைப் போர்வை, வண்டி மூடும் துணி தைத்துப் பிழைத்தார். துணி வாங்கியது லீவையின் கடையில்.

1870 டிசம்பரில் ஒரு பெண் அவரிடம் வந்தார். கணவர் மரம் வெட்டுபவர், நல்ல பருமன், உடம்பு சரியில்லாததால் நேரில் வர முடியவில்லை. "சீக்கிரம் கிழியாத பேன்ட் வேணும்" என்பதுதான் அவர் கேட்டது. மூணு டாலர் விலை. தைச்சு முடிச்ச டேவிஸ் மேஜையைப் பார்த்தாரு. குதிரைப் போர்வைக்கு வார் பொருத்துற தாமிர ரிவெட்டுங்க கிடந்துச்சு. பாக்கெட் ஓரம்தானே முதல்ல கிழியும்? அங்க நாலு தட்டு தட்டிட்டாரு. அவ்வளவுதான்!

பேன்ட் கிழியலை. செய்தி பரவிடுச்சு. ஒன்றரை வருஷத்தில் ஏறக்குறைய 200 பேன்ட்கள் விற்றன. அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் காப்பியடிக்கத் தொடங்கிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. காப்புரிமை வாங்க 68 டாலர் வேண்டும். ஏற்கெனவே இப்படிச் செலவழித்தது போதும் என்று வீட்டில் மனைவி ஒரே பிடியாக மறுத்துவிட்டார். டேவிஸுக்கு ஆங்கிலத்தில் சரியாக எழுதவும் வராது. 1872 ஜூலையில் ஊர் மருந்துக்கடைக்காரர் உதவியோடு லீவைக்கு ஒரு கடிதம் எழுதி, கூடவே மாதிரிக்கு இரண்டு பேன்ட்களையும் அனுப்பினார். நீங்கள் பணம் கட்டுங்கள், உரிமையைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்பதுதான் சாரம்.

லீவை ஒத்துக்கொண்டார். 1873 மே 20 அன்று 139121 என்ற எண்ணில் காப்புரிமை கிடைத்தது. அதில் டேவிஸின் பெயரும் இருக்கிறது. டேவிஸ் சான்பிரான்சிஸ்கோவுக்கே குடிபெயர்ந்து, 1908இல் இறக்கும்வரை அந்தக் கம்பெனியோடுதான் இருந்தார். ஆனா பேன்ட்டோட பின்னாடி இருக்கிற பட்டையில வந்தது லீவை பேரு மட்டும்தான்.

இதோட முடிச்சா இது வெறும் வெற்றிக் கதை. இன்னொரு பக்கமும் இருக்கு.

2022இல் நியூ மெக்சிகோவில் 1880களின் ஒரு லீவைஸ் பேன்ட் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தில் 76,000 டாலருக்குப் போனது. அதன் பாக்கெட்டின் உள்ளே ஒரு வாசகம் அச்சிட்டிருந்தது: வெள்ளைத் தொழிலாளர்கள் மட்டுமே தயாரிக்கும் ரகம் இது ஒன்றுதான் என்று. 1882இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்களுக்குத் தடைச் சட்டம் போட்டது. கலிபோர்னியாவில் சீனர்கள் மீது வெறுப்பு பொங்கிய காலம். அதற்குத் தகுந்த விளம்பரம் அது. 1890களில் அதைக் கைவிட்டோம் என்று கம்பெனியே பின்னாளில் சொல்லியிருக்கிறது.

எந்தக் குடும்பத்துக்கு "இந்த ஊர்ல உனக்கு இடமில்லை"ன்னு சட்டம் சொல்லுச்சோ, அந்தக் குடும்பத்துப் பிள்ளையோட தொழிற்சாலை, இன்னொரு கூட்டத்தைப் பார்த்து அதையே சொல்லுச்சு. அதே லீவைதான் 1897இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். 1902இல் இறந்தபோது யூத அநாதை இல்லத்துக்கு மட்டுமல்ல, கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் அநாதை இல்லங்களுக்கும் எழுதிவைத்திருந்தார். கல்யாணமே செய்துகொள்ளாத அவரது கம்பெனி சகோதரியின் மகன்களான நான்கு மருமகன்களின் கைக்குப் போனது.

இந்த ரெண்டையும் ஒரே மனுஷன் கணக்குலதான் எழுதணும். ஒண்ணை வச்சு இன்னொண்ணை அழிக்க முடியாது. தனக்கு நடந்ததை ஞாபகம் வச்சிருக்கிறது சுலபம். அடுத்தவனுக்கு அது நடக்கும்போதும் ஞாபகம் வருதாங்கறதுதான் கேள்வி.

இனிமே அந்த ரிவெட்ல விரல் பட்டா, ரீனோவுல 68 டாலர் இல்லாம தவிச்ச அந்தத் தையற்காரரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.